பவழமா, பவளமா

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? இன்னும் அந்தக் குலுங்குகிற பஸ்ஸைத்தான் ஓட்டுகிறாரா? இங்கே நானும் குழந்தையும் சுகம். தையல் பிரித்துவிட்டார்கள். இன்றைக்குத்தான் நாற்காலியில் உட்கார்ந்து எழுத முடிகிறது.

நீ பெரியம்மாவாகி இருபத்திரண்டு நாள் ஆகிறது. உன் மகள் பாலுக்கு அழுகிற அழுகையில் மாடி வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். கொட்டாவி விடும்போது மட்டும் அப்படியே அம்மா. அந்தக் கோணல் வாய் இருக்கிறதே, அதேதான். அதனால் பேர் வைப்பதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. "உங்கம்மா பேரையே வெச்சிரலாம், அவங்க இருந்திருந்தா இந்நேரம் என்னை ஒரு வழி பண்ணியிருப்பாங்க" என்று இவரே சொல்லிவிட்டார்.

பிறப்புப் பதிவு அலுவலகத்தில்தான் சிக்கல் வந்தது. "பவழமா, பவளமா?" என்று அங்கே இருந்த குமாஸ்தா கேட்டிருக்கிறார். "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்றிருக்கிறார் இவர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு ஏறுவதும் இறங்குவதும் தெரியும், எழுத்து எங்கே தெரியும்! "உங்களுக்கு ஒண்ணுதான். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஒண்ணு, பேங்க்ல ஒண்ணுன்னு எழுதிட்டு வந்து இங்க நிக்கப்போறது அந்தப் பொண்ணு" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். மார்ச் கடைசி வரை நேரம் இருக்கிறது.

போனில் உன்னைக் கேட்டேன். "பிரஸ்ல மெஷின் ஓடுது, ஒண்ணும் கேக்கல" என்றாய். கேட்டிருந்தாலும் பயனில்லை. நம் வீட்டில் யார் வாயிலும் ழ வந்ததில்லை. காதுக்கு இரண்டும் ஒன்றுதான், காகிதத்தில்தான் வேறு. அதனால்தான் கடிதம். அம்மாவின் காகிதமெல்லாம் உன்னிடம் இருக்கிறது. அம்மா தன் பேரைச் சிறப்பு ழ போட்டு எழுதுவாளா, குண்டு ள போட்டு எழுதுவாளா? பார்த்து இரண்டு வரி எழுது.

ஃபோட்டோ வைத்திருக்கிறேன். கண் மூடியிருக்கிறது. திறந்தால் கேமராவுக்குள் அடங்க மாட்டாள்.

மாமாவுக்கு என் அன்பு.
உன் வாலு


ஜனவரி 29

அன்புள்ள வாலுவுக்கு,

உன் உடம்பு தேறி வருவது தெரிந்து நிம்மதி. மாமா நன்றாக இருக்கிறார். முதுகுக்கு ஒரு பட்டை கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். எனக்கு ஒன்றும் குறைவில்லை.

உடனே எழுத முடியவில்லை. பாடப் புத்தகங்கள் அச்சுக்குப் போகிற நேரம். ஒரு நாளைக்கு அறுபது பக்கம் புரூஃப் பார்க்கிறேன். நேற்று ஆறாம் வகுப்பு அறிவியலில் "வால் நட்சத்திரம்", "வாள் நட்சத்திரம்" என்று வந்து வானத்தில் சண்டை நடக்கப் பார்த்தது. பிடித்துவிட்டேன்.

குழந்தையைப் படுக்கவைக்கும்போது பக்கத்தில் தலையணை எதுவும் போடாதே. மூச்சு விடும் சத்தத்தில் கொஞ்சம் மாற்றம் தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் ஓடு. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே. அக்கம்பக்கத்தில் ஆயிரம் சொல்வார்கள், கேட்காதே.

பேர் விஷயம். இரண்டும் சரிதான். அகராதியில் இரண்டும் உண்டு. ஆனால் ள போடுவதே வசதி. சின்னக் கை ழ எழுதத் தடுமாறும். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு டீச்சரும் ஒவ்வொரு மாதிரி எழுதிவைப்பார்கள். பிறகு ஆயுசுக்கும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்றும் தோன்றுகிறது. ஏன் அம்மா பேர்தான் வைக்க வேண்டும்? கொஞ்சம் பழைய பேர். புதுசாக, சின்னதாக எத்தனையோ இருக்கின்றன. வேண்டுமானால் பத்துப் பேர் எழுதி அனுப்புகிறேன். இருவரும் யோசியுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. குழந்தைக்கு இரண்டு நாள் சளி இருந்தது. இப்போது இல்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டுத் தலையணைகளை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டேன். இவர் கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார், உன்னை வாழ்த்திக்கொண்டே.

நான் கேட்டது ஒரு கேள்வி. நீ பதில் சொன்னது வேறு கேள்விக்கு. அம்மா எப்படி எழுதுவாள் என்றுதானே கேட்டேன்? பத்துப் பேர் யார் கேட்டது? அம்மா போன பிறகு நம் வீட்டில் அவள் பேரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. இனிமேல் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லலாம் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? "பவளம், இங்க வாடி", "பவளம், அதைத் தொடாதே" என்று இப்போதே வீட்டுக்குள் கத்திப் பார்த்துக்கொள்கிறேன்.

ஃபோட்டோ வந்ததா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. மூக்கு யார் மாதிரி, காது யார் மாதிரி என்று நீ பக்கம் பக்கமாக எழுதுவாய் என்று பார்த்தேன்.

அந்தக் காகிதங்களைப் பார்த்துச் சொல். அலமாரியின் மேல்தட்டில்தானே இருக்கின்றன? ஸ்டூல் போட்டால் எட்டும்.

உன் வாலு


பிப்ரவரி 27

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். உங்கள் மூவரின் நலமும் வேண்டும்.

காகிதங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ள தான். ளவே போட்டுவிடு.

ஃபோட்டோ வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்.
அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம்.

பழைய பெட்டியை ஒழித்தபோது என் எட்டாம் வகுப்பு முன்னேற்ற அட்டை கிடைத்தது. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நாலு தடவை அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நாலிலும் சிறப்பு ழ. அதன் வாலைக் கீழ்க்கட்டம் வரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறாள். கணக்கில் நான் வாங்கின மார்க்கே அந்த வாலுக்கடியில் மறைந்து கிடக்கிறது.

எல்லாவற்றிலும் ள தான் என்றாயே? ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நீ. உனக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னால், எங்கள் கண்ணாடிக் கடையில் நானே லென்ஸ் போட்டுத் தருவேன். ஆனால் அது பொய் என்று எனக்குத் தெரிகிறது. நீ காகிதத்தை எடுத்தே பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டு என்னை ஏமாற்றினாய். எது என்றாலும் ஏன்? அம்மா பேர் என் மகளுக்குப் போவது உனக்குப் பிடிக்கவில்லையா? மூத்தவள் என்பதால் அம்மா உனக்கு மட்டும்தான் சொந்தமா?

நேற்று நானே போய் ழ போட்டுப் பதிந்துவிட்டேன். சான்றிதழ் நகல் இதோடு இருக்கிறது. பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தி அனுப்பு.

பிள்ளையைக் கையில் வைத்து வளர்க்கிறவளுக்குத்தான் பேர் என்றால் என்ன என்று தெரியும். உன்னிடம் கேட்டது என் தப்பு.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? நாலு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. பிரஸ்ஸுக்கே செய்தேன். "இருக்காங்க, ஆனா இப்ப வர முடியாதாம்" என்றார்கள். அப்போது பின்னால் மெஷின் சத்தமே இல்லை.

அந்தக் கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ பட்டதை மறந்துவிட்டு எழுதவில்லை. கோபத்தில் கை எழுதிவிட்டது. உன் குழந்தை பிறந்தபோதே போய்விட்டது என்று எனக்கு ஹாஸ்டலுக்குச் சொல்லியனுப்பினார்கள். "பரீட்சையை விட்டுட்டு வராதே, வந்து பாக்க ஒண்ணுமில்ல" என்றார்கள். நானும் வரவில்லை. வந்த பிறகும் நீ அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் உனக்கு வலிக்கும் என்று நினைத்தேன்.

திட்டியாவது எழுது.

உன் வாலு


ஏப்ரல் 20

அன்புள்ள மச்சினிக்கு,

மாமா எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. டிப்போவில் வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் அட்டை வைத்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்காவிடம் காட்டித் திருத்த முடியாத கடிதம் இது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

உனக்குச் சொன்னது உண்மை இல்லை. குழந்தை பிறந்தபோதே போகவில்லை. இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் போனாள். அது தெரிந்தால் பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று உன் அக்காதான் அப்படிச் சொல்லச் சொன்னாள்.

இரண்டாம் நாள் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எல்லாப் பெட்டியிலும் தாயின் பேர்தான் ஒட்டியிருக்கும். உன் அக்கா நர்ஸிடம் பேனா வாங்கி, ஒரு துண்டுக் காகிதத்தில் அவளே பேர் எழுதி ஒட்டினாள். உங்கள் அம்மா போய் அப்போது எட்டு மாதம். அம்மா பேர்தான், அம்மா எழுதுகிற அதே எழுத்தில். "பேர் இருந்தா கூப்பிடலாம், கூப்பிட்டா இருப்பா" என்றாள். அந்தக் கண்ணாடியில் வாயை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் அவளிடம் இருக்கிறது.

நீ அனுப்பின சான்றிதழை நின்றுகொண்டே படித்தாள். மடித்து வைத்தாள். மறுநாள் வேலைக்குப் போனாள். உன்மேல் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் அவள் பார்த்த புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பிழையோடு போய்விட்டதாம். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. முதலாளி வீடு வரைக்கும் வந்து "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்னொன்றும் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. குழந்தை பிறந்ததையும் போனதையும் ஒரே நாளில் பதியப் போனது நான்தான். "பேரு வெச்சிருந்தீங்களா? எப்படி எழுதணும்?" என்று கேட்டார்கள். எந்த எழுத்து என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இனிமே எதுக்கு, விடுங்க" என்றார் அங்கிருந்தவர். விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் "பேர் எழுதினாங்களா?" என்று அவள் கேட்டாள். எழுதிவிட்டார்கள் என்றேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஒரு கடிதம் போடு. நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே.

மாமா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. குழந்தை குப்புற விழப் பார்க்கிறாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. ள போடுவதே வசதி. கடையில் கண் பரிசோதிக்கிற பலகையில் ழ வந்தால் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்கிறார்கள். சின்னக் கைக்கு எழுதவும் கஷ்டம். டீச்சர்களும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். இவருக்கும் ள தான் பிடித்திருக்கிறதாம். அலுவலகத்தில் விசாரித்தேன். ஒரு மனு கொடுத்தால் மாற்றித் தருவார்களாம். ஜூன் மாதம் முதல் வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா பேர் எந்த எழுத்தில் இருந்தாலும் அம்மா பேர்தானே.

முன்பு நான் எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு, அக்கா. உன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

உன் வாலு


மே 26

என் செல்ல வாலுவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை உபசாரத்துக்கு எழுதவில்லை. நேற்று ஆறு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினேன்.

மார்ச்சில் ழவுக்காக என் கழுத்தைப் பிடித்த உனக்கு மே மாதம் திடீரென்று ள மேல் பாசம் பொங்கினால், நடுவில் ஒரு பஸ் ஓடியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? மாமாவிடம் கேட்கவில்லை. கேட்டால் பிரேக் போட்ட மாதிரி நின்றுவிடுவார். ஏப்ரலில் ஒரு நாள் அவர் விரலெல்லாம் மையாக இருந்தது. வண்டி ஓட்டுகிறவருக்கு மை ஏது?

உன்னிடம் பொய் சொன்னேன். காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். அம்மா எல்லாவற்றிலும் ழ தான் போட்டிருக்கிறாள். அந்த எழுத்தை உனக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இதைவிட அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, வாலு. நம் வாயில் இரண்டும் ஒன்றுதான். அதனால் காகிதத்திலாவது என் மகளுக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன். அரசாங்கப் புத்தகம் ஒன்றில் அவள் பேர் இருக்கிறது, இரண்டு நாள் இருந்தவள் என்றாலும் இருந்தாள் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை நம்பித்தான் இத்தனை வருஷமும் ஓடியது.

உன் கடிதம் வந்த பிறகு, அந்தப் பதிவை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். தேதியைச் சொன்னேன். தடியான புத்தகத்தை இறக்கிப் பக்கம் தள்ளி என் பக்கம் திருப்பினாள். தேதி இருந்தது. பெண் என்று இருந்தது. என் பேர், மாமா பேர், இரண்டும் பிழையில்லாமல் இருந்தன. பேர் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

வேறு பக்கமோ என்று திருப்பிப் பார்த்தேன். இல்லை, அதுதான். "என்னம்மா, தப்பா இருக்கா?" என்றாள் அந்தப் பெண். "தப்பில்ல, விட்டுப்போயிருக்கு" என்றேன். என் வேலையே அதுதானே. விட்டுப்போன சொல்லுக்கு ஓரத்தில் குறி போட்டு உள்ளே சேர்ப்பது.

"இப்ப சேக்கலாமா?" என்று கேட்டேன்.

"குழந்தை..." என்று இழுத்துவிட்டு, இறந்த தேதி குறித்திருந்த பக்கத்துக் கட்டத்தையும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சட்டப்படி சேக்கலாம்மா. ஆனா யாரும் வந்து கேட்டதில்ல" என்றாள். மனு எழுதக் காகிதம் அவளே கொடுத்தாள். "பேரை மட்டும் தெளிவா எழுதுங்க. அதைப் பாத்து அப்படியே ஏத்திருவேன்."

பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து, வேலை முடித்துப் போனார்கள். உன் மகள் ஞாபகம் வந்தது. அந்தப் பேரை அவள் சிலேட்டில் எழுதுவாள். நோட்டு அட்டையில் எழுதுவாள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு வீட்டுச் சுவரெல்லாம் போட்டுப் பார்ப்பாள். அம்மா மாதிரியே வாலைக் கீழே இழுப்பாளோ என்னவோ. ஓர் ஆயுசு முழுக்க எழுதப்போகிற பேர் அது. என் மகளுக்கு ஒரே ஒரு தடவை எழுதினால் போதும்.

பவளம் என்று எழுதிக் கொடுத்தேன். குண்டு ள.

நீ மனுக் கொடுக்கப் போகாதே. போனாய் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே எழுத்தாகிவிடும், நான் இவ்வளவு தூரம் வந்தது வீணாகிவிடும்.

நகலைக் கொண்டுவந்து மாமாவின் சட்டைகளுக்கு மேலே வைத்தேன். எடுத்துப் படித்தார். என்னைக் கூப்பிடவில்லை. சமையலறையில் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். கடைசி டம்ளர் வந்ததும், "அன்னைக்கு எனக்குத் தெரியலம்மா" என்றார். "தெரியும்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

ஜூன் பத்தாம் தேதியிலிருந்து பத்து நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். மாமா கொண்டுவந்து விடுவார். ஃபோட்டோவை இப்போது தினமும் பார்க்கிறேன். மூக்கு உன்னுடையது. காது நம் வீட்டுக் காது இல்லை, உன் வீட்டுக்காரர் பக்கமாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது முதல் இரண்டு மூன்று நாளைக்குப் பாதிப் பேரிலேயே நின்றுவிடுவேன். அதைப் பார்த்துவிட்டு என் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விடாதே. கூப்பிட்டுப் பழகிக்கொள்கிறேன்.

உன் கடைக்காரக் கண்ணையும் கொஞ்சம் பார்த்துக்கொள். அழுதழுது சிவந்திருக்கும்.

அக்கா